நைட்ரஸ் எஞ்சின்: பிஸ்டனுக்குச் செலவழித்துப் பெட்ரோலில் கோட்டைவிடுபவர்கள்

பந்தயத்தில் கூடுதல் சக்திக்காக நைட்ரஸ் ஆக்சைடு வாயுவைச் செலுத்தி (சுருக்கமாக, நைட்ரஸ் போட்டு) உடைந்த எஞ்சினைப் பிரித்தால் பெரும்பாலும் இரண்டில் ஒரு காட்சியைத்தான் பார்க்கலாம். பிஸ்டனின் தலையில் உருகி விழுந்த ஓட்டை இருக்கும். இல்லையென்றால் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்குகளுக்கு நடுவிலுள்ள விளிம்பு துண்டாகப் பெயர்ந்திருக்கும். உரிமையாளர் பிஸ்டனைத் திட்டுவார். அடுத்த முறை இன்னும் விலை கூடியதாக வாங்குவார். அதுவும் அதே இடத்தில் உடையும்.

வலுவான எஞ்சின் என்றாலே கனமான உலோகம் என்று நினைப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. நைட்ரஸ் ஆக்சைடு எரிபொருள் அல்ல. அது தானாக எரியாது. ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸில் சிதைந்து தன்னிடமுள்ள ஆக்சிஜனை விடுவிக்கும், அவ்வளவே. எடைக்கணக்கில் காற்றில் 23 சதவீதம் ஆக்சிஜன் என்றால் இதில் 36 சதவீதம். அந்த ஆக்சிஜனுக்கு ஈடாகப் பெட்ரோல் போக வேண்டும். வேதியியல் கணக்குப்படி சுமார் 9.6 கிலோ நைட்ரஸுக்கு 1 கிலோ பெட்ரோல். நடைமுறையில் அதைவிடக் கூடுதலாகவே விடுவார்கள். பெட்ரோல் வராமல் நைட்ரஸ் மட்டும் வந்தால் என்ன ஆகும்? கேஸ் கட்டிங் செய்பவர் ஆக்சிஜன் பிடியை அழுத்தியதும் சுடர் இரும்பை அறுக்கத் தொடங்குகிறதே, அதுவே சிலிண்டருக்குள் நடக்கும். அந்தச் சுடர் ஃபோர்ஜ்டு (அடித்து உருவாக்கிய) பிஸ்டன், காஸ்ட் (வார்த்த) பிஸ்டன் என்று தரம் பார்ப்பதில்லை.

ஆகவே முதல் செலவு பெட்ரோல் வழியில்தான். பலர் தொழிற்சாலையில் பொருத்திய பம்பையே வைத்துக்கொண்டு, எஞ்சின் ஐடிலில் ஓடும்போது பிரஷர் கேஜைப் பார்த்துத் திருப்தி அடைகிறார்கள். ஐடிலில் எந்தப் பம்பும் நன்றாகத்தான் காட்டும். நைட்ரஸ் திறக்கும் நொடியில், எஞ்சினும் நைட்ரஸ் கிட்டும் ஒருசேரப் பெட்ரோல் இழுக்கும்போது முள் எங்கே நிற்கிறது என்பதுதான் கேள்வி. எரிபொருள் ஜெட்டின் (அளவைக் கட்டுப்படுத்தும் சிறு துளையின்) வழியாக உண்மையில் பெட்ரோலை ஓடவிட்டு அளக்க வேண்டும். கார்புரேட்டர் வண்டிகளில் நைட்ரஸுக்கென்று தனிப் பம்பும் தனி ரெகுலேட்டரும் வைப்பது உத்தமம். பெட்ரோல் அழுத்தம் விழுந்தால் நைட்ரஸை நிறுத்தும் பிரஷர் சுவிட்ச் கட்டாயம். ஒரு பிஸ்டனின் விலையோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

இன்னொரு சில்லறைத் தவறு: குழாய்களின் ஃபிளேர் (வாய் விரிந்த) இணைப்புகளில் டெஃப்லான் டேப் சுற்றுவது. அங்கே அது தேவையே இல்லை. பிய்ந்த துணுக்கு ஒன்று எரிபொருள் ஜெட்டில் போய் அடைத்துக்கொண்டால், மேலே சொன்ன கட்டிங் டார்ச் தயார்.

பாட்டிலின் வெப்பநிலையும் இதே கணக்கில்தான் வருகிறது. நைட்ரஸ் தன் அழுத்தத்தைத் தானே தீர்மானிக்கிறது: 20 டிகிரியில் சுமார் 50 பார், 30 டிகிரியைத் தாண்டும்போது 60 பாருக்கும் மேல். பொதுவாகக் கிட்டுகளின் ஜெட் அட்டவணை 900 முதல் 1000 பி.எஸ்.ஐ.க்கு, அதாவது 62 முதல் 69 பாருக்கு எழுதப்பட்டது. பாட்டில் குளிர்ந்தால் நைட்ரஸ் குறைந்து பெட்ரோல் மிஞ்சும். வண்டி மந்தமாகும், அவ்வளவுதான். சூடானால் நைட்ரஸ் கூடும், பெட்ரோல் பழைய அளவிலேயே நிற்கும். ஆபத்து இந்தப் பக்கம்தான். அமெரிக்கக் கையேடுகள் பாட்டில் ஹீட்டரைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. மே மாதத்துச் சென்னையில் வெயிலில் பூட்டி வைத்த காருக்கு ஹீட்டர் எதற்கு? நிழலும் ஈரத்துணியும்தான் தேவை. 36.4 டிகிரியைத் தாண்டினால் நைட்ரஸ் திரவமாகவே இருக்காது. அதன்பின் ஜெட் அட்டவணைக்கு அர்த்தமும் இல்லை. பாட்டிலை நெருப்புக் காட்டிச் சூடாக்குபவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஆலோசனை இல்லை, தள்ளி நின்றுகொள்வேன்.

கையேட்டை அப்படியே நம்புவதால் வரும் இன்னொரு தவறு ஆக்டேன், அதாவது பெட்ரோல் தானாக வெடிக்காமல் தாங்கும் திறனின் அளவு. அமெரிக்கப் பெட்ரோல் பங்கில் எழுதியிருக்கும் 91, ஆர்.ஓ.என்., எம்.ஓ.என். என்ற இரண்டு அளவைகளின் சராசரி. இந்தியாவிலும் இலங்கையிலும் சொல்லப்படுவது ஆர்.ஓ.என். மட்டும். அங்கத்திய 91 இங்கே ஏறத்தாழ 95, 96க்குச் சமம். "91 போதும் என்று போட்டிருக்கிறதே" என்று ஆர்.ஓ.என். 91 பெட்ரோலை ஊற்றினால் முதல் ஓட்டத்திலேயே நாக்கிங் (கலவை தானாக வெடித்துத் தட்டும் சத்தம்) பேசத் தொடங்கிவிடும்.

இனி உலோகத்துக்கு வருவோம். எடுத்துக்காட்டாக செவ்ரலேயின் 350 ஸ்மால் பிளாக்கை எடுத்துக்கொள்கிறேன். 1967இல் கமாரோ காரில் வந்த 5.7 லிட்டர் வி-8. போர், அதாவது சிலிண்டரின் விட்டம், சரியாக 4 அங்குலம். அமெரிக்க டிராக் ரேஸ் பட்டறைகளில் இதைப் பிரித்துச் சேர்க்காத கை அரிது.

இந்த எஞ்சினுக்குச் சாதாரண ஓட்டத்தில் மேல் ரிங்கின் கேப் (அதன் இரு முனைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளி) சுமார் 18 தௌ (ஒரு தௌ, அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதாவது 0.46 மில்லிமீட்டர். நைட்ரஸுக்கு அதை 26 முதல் 28 தௌ வரை, 0.66 முதல் 0.71 மில்லிமீட்டர் வரை, அரத்தால் ராவி விரிக்க வேண்டும். செட்டாக வாங்கிய ரிங்கை அப்படியே மாட்டுபவர்கள் இதைச் செய்வதில்லை. கேப் பெரிதானால் கம்ப்ரெஷன் கசியும் என்ற பயம். கசிவது மிகக் கொஞ்சம். ஆனால் கேப் போதாவிட்டால் நடப்பதைப் பாருங்கள்: நைட்ரஸ் வெப்பத்தில் மேல் ரிங் நீள்கிறது, இரண்டு முனைகளும் முட்டிக்கொள்கின்றன, மேலும் நீள இடமில்லை. ரிங் சிலிண்டர் சுவரில் இறுகிப் பிடிக்கிறது. பிஸ்டன் நிமிடத்துக்கு 6000 சுற்று வேகத்தில் கீழே இழுக்கிறது. அப்போதுதான் மேல் விளிம்பு பெயர்கிறது. உடைந்தது பிஸ்டன், தவறு இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜைக் கையில் எடுக்காதவருடையது.

பிஸ்டன் தேர்விலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஃபோர்ஜ்டு பிஸ்டன்களில் 4032 அலுமினியக் கலவையில் சிலிக்கான் அதிகம். அது வெப்பத்தில் குறைவாக விரியும், ஆனால் அடி தாங்குவதில் கொஞ்சம் பின்தங்கும். 2618 கலவை அடியைத் தாங்கும், கூடுதலாக விரியும். ஆகவே சுவருக்கும் பிஸ்டனுக்கும் இடையே கூடுதல் இடைவெளி கேட்கும். காலையில் குளிர்ந்த எஞ்சினில் தட்டும் சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்குப் பயந்து இடைவெளியைக் குறைப்பவர் பிஸ்டன் சூடானதும் சுவரில் உரச வைக்கிறார்.

பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு வளைவதற்கு எல்லோரும் சொல்லும் காரணம் "அதிகக் குதிரைத் திறன்". அதைவிட முக்கியம், அது எந்த ஆர்.பி.எம்.மில் வந்தது என்பது. ஜெட்டின் வழியாக ஒரு நொடிக்கு வரும் நைட்ரஸின் அளவு எஞ்சின் வேகத்தைப் பார்த்து மாறுவதில்லை. எஞ்சின் பாதி வேகத்தில் சுற்றினால் ஒவ்வொரு சிலிண்டர் நிரம்பலுக்கும் இரட்டிப்பு நைட்ரஸ் கிடைக்கும். 150 குதிரைத் திறன் ஜெட் 6000 ஆர்.பி.எம்.மில் சுமார் 178 நியூட்டன் மீட்டர் டார்க் கூட்டும். 3000இல் அதே ஜெட் 356 கூட்டும். 2000இல் பொத்தானை அழுத்துபவர் 530க்கு மேல் வாங்கிக்கொள்கிறார், அதுவும் ராடின் தலையில். நைட்ரஸோடு பெட்ரோலையும் சேர்த்துத் தெளிக்கும் வெட் கிட்டாக இருந்தால் மெதுவான காற்றில் பெட்ரோல் மேனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்று போகும் குழாயில்) குட்டையாகத் தேங்கி, பேக்ஃபயர் ஆகிப் பானெட்டையே தூக்கும் அபாயமும் உண்டு. அதனால்தான் 3000க்குக் கீழே திறக்காத விண்டோ சுவிட்சும், ஆக்சிலரேட்டர் முழுதாக மிதிபட்டால் மட்டும் இணையும் சுவிட்சும். மேல் எல்லையும் முக்கியம்: எஞ்சின் வேகத்தை அடக்கும் ரெவ் லிமிட்டர் பெட்ரோலை வெட்டும் வகையாக இருந்தால், அதைத் தொடுவதற்கு 200, 300 ஆர்.பி.எம். முன்பே நைட்ரஸ் நின்றுவிட வேண்டும்.

ராடு போல்ட், ஹெட் ஸ்டட், பல அடுக்கு எஃகு ஹெட் கேஸ்கெட் பற்றி நீட்டத் தேவையில்லை. நல்லதாக வாங்கி, அளவான டார்க்கில் முறுக்கினால் போதும். போல்டை மட்டும் இரண்டாம் முறை பயன்படுத்த வேண்டாம்.

இக்னிஷன் டைமிங்கில், அதாவது பிஸ்டன் உச்சிக்கு வருமுன் எத்தனை டிகிரியில் பொறி விழுகிறது என்பதில், பேராசை கூடாது. நைட்ரஸ் கலவை வேகமாக எரிவதால் உச்ச அழுத்தம் முன்கூட்டியே வந்துவிடும். ஒவ்வொரு 50 குதிரைத் திறனுக்கும் 2 டிகிரி பின்னுக்கு வைப்பது பழைய கணக்கு. 36 டிகிரியில் ஓடும் 350க்கு 150 ஜெட் என்றால் 30இல் தொடங்கலாம். பிளக் ஒன்று அல்லது இரண்டு படி குளிர்ந்ததாக (வெப்பத்தை வேகமாகக் கடத்துவதாக), அதன் கேப் 0.9 மில்லிமீட்டருக்கு மிகாமல் இருக்கட்டும். முனை நீண்ட பிளக் செந்தணலாகிப் பொறி வருமுன்பே கலவையைப் பற்றவைத்துவிடும்.

பாட்டிலைப் பொருத்தும்போது வால்வு வண்டியின் முன்பக்கம், லேபிள் மேலே. உள்ளிருக்கும் குழாயின் நுனி பின்பக்க அடியில் இருக்கும். வண்டி சீறும்போது திரவம் அங்கேதான் ஒதுங்கும். பாதுகாப்பு டிஸ்க் வெடித்தால் வாயு வெளியேற ஒரு குழாய் காருக்கு வெளியே போக வேண்டும். நைட்ரஸ் இணைப்புகளில் எண்ணெய், கிரீஸ் படக் கூடாது. இத்தனையும் பந்தயத் திடலுக்கு மட்டும்; பொதுச் சாலையில் இதற்கு இடமில்லை.

முதல் ஓட்டத்தைப் பெட்டியில் வரும் சின்ன ஜெட்டிலேயே தொடங்குங்கள். ஓட்டம் முடிந்ததும் ஐடிலில் விடாமல் எஞ்சினை அணைத்து, எட்டு பிளக்கையும் கழற்றி லென்ஸ் வைத்துப் பாருங்கள். வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவியதுபோல் நுண்ணிய புள்ளிகள் தெரிகின்றனவா? அவற்றில் பளபளப்பவை பிஸ்டனிலிருந்து பெயர்ந்த அலுமினியம். அன்றைக்குப் பெரிய ஜெட்டைக் கையில் எடுக்காதீர்கள்.