முதல் மோட்டோகுரொஸ் ரேஸ் சரிவரவில்லையா? அடுத்த நாலு வாரத்தில் செய்ய வேண்டியவை

முதல் மோட்டோகுரொஸ் ரேஸ், அதாவது மண் பாதையில் வளைவும் மேடுமாக ஓடுகிற பைக் ரேஸ், முடிந்து பைக்கைப் பட்டா வண்டியில் ஏற்றிக் கட்டி, உடம்பெல்லாம் புழுதியோடு திருகோணமலைக்குத் திரும்பிய இரவு எனக்கு இன்னும் மறக்கவில்லை. முதல் வளைவிலேயே விழுந்தேன், மூன்றாவது சுற்றில் திரும்பவும் விழுந்தேன், முன்னால் ஓடியவர் என்னை ஒரு முழுச் சுற்றுத் தாண்டிப் போனார். மச்சான் வழி முழுக்க ஒன்றும் கதைக்கவில்லை. விடிந்ததும் எனக்கு வந்த யோசனை, சைலன்சரை மாற்றுவோமா, புது ரயர் வாங்குவோமா, காசுக்கு எங்கே போவது என்பதுதான். நல்லவேளை, கையில் காசு இருக்கவில்லை. இப்போது முதல் ரேஸ் ஓடிவிட்டு மனம் சோர்ந்து வருகிற தம்பி தங்கச்சிகளுக்கு நான் சொல்வதெல்லாம் கீழே உள்ள ஒழுங்குதான்.

முதல் படி, உடம்பு. தலை அடிபட்டிருந்தால், அல்லது தலையிடி, வாந்தி, தலைச்சுற்று, நடந்தது நினைவில்லாமை இவற்றில் ஏதாவது இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், டொக்டர் சரி என்று சொல்லும்வரை பைக்கில் ஏற வேண்டாம். பலமாக அடிபட்ட ஹெல்மெட்டும் முடிந்ததுதான். உள்ளே இருக்கிற நுரைப்பகுதி அடியை வாங்கி ஒருதரம் நசுங்கினால் பழைய நிலைக்கு வராது, வெளி ஓடு பளபளவென்று இருந்தாலும் சரி. காசு செலவழிக்க வேண்டிய இடம் ஏதாவது இருக்கிறதென்றால் அது இதுதான்.

இரண்டாவது, நித்திரைக்குப் போக முன்னம் ஒரு கொப்பியில் எழுதுங்கள். “சரியாக ஓடவில்லை” என்று எழுதி ஒரு பிரயோசனமும் இல்லை. எந்தச் சுற்று, எந்த வளைவு, உள்பக்கமாகப் போனீர்களா வெளிப்பக்கமாகவா, பிரேக் எங்கே பிடித்தீர்கள், முன்சில்லு வழுக்கியதா பின்சில்லா, கை எப்போது இறுகத் தொடங்கியது என்று எழுத வேண்டும். ஓரத்தில் நின்று பார்த்தவரிடமும் கேளுங்கள், நமக்கு வேகமாகப் போனது போல இருக்கிற இடம் அவருக்கு வேறு மாதிரித் தெரிந்திருக்கும். என்னுடைய கொப்பியில் இரண்டு விழுகையும் ஒரே மாதிரி இருந்தன: இரண்டு தரமும் முன்சில்லு வழுக்கியிருந்தது, இரண்டு தரமும் நான் பின்னால் தள்ளி இருந்திருக்கிறேன்.

அதைப் பார்த்த பிறகுதான் விசயம் விளங்கியது. நான் பழகியது முழுக்க நம்முடைய மணலில். மணலில் என்ன செய்வோம்? உடம்பைக் கொஞ்சம் பின்னுக்குக் கொண்டுபோய், முன்சில்லைப் பாரமில்லாமல் வைத்து, அக்சிலேட்டரை விடாமல் பிடிப்போம். விட்டால் முன்சில்லு மணலில் புதைந்து ஆளைத் தூக்கிப் போடும். ஆனால் ரேஸ் நடந்தது காய்ந்து இறுகிய செம்மண்ணில், மேலே பொடிக்கல்லும் புழுதியும். அந்த மண்ணில் வளையும்போது முன்சில்லில் பாரம் இல்லாவிட்டால் அதற்குப் பிடிமானமே கிடையாது. அதாவது மணலில் என்னை விழாமல் வைத்திருந்த அதே பழக்கம் அங்கே என்னை விழுத்தியது. புதிதாக ஓடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான் என்று நான் நம்புகிறேன்: பழகிய மண் எது, ஓடின மண் எது?

எனவே மூன்றாவது படியில் நாலு வாரத்தில் பாதியைச் செலவழியுங்கள். கன்னியாவுக்கு அங்கால, கந்தளாய்ப் பக்கம் எல்லாம் கிரவல் போட்ட, இறுகிய காணிகள் இருக்கின்றன. காணிக்காரரிடம் கேட்டு, அவர் சம்மதித்த இடத்தில் மட்டும் ஓடுங்கள். தெரியாத காட்டுக்குள் இறங்க வேண்டாம், நிலாவெளிக் கடற்கரையில் கரைவலை இழுக்கிற ஆக்களுக்கு நடுவிலும் வேண்டாம். இரண்டு பழைய ரயரைப் பத்துப் பன்னிரண்டு மீட்டர் இடைவெளியில் வைத்து அவற்றைச் சுற்றி எட்டுப் போடுங்கள். வளைவுக்கு முன்னமே, பைக் நிமிர்ந்திருக்கும்போதே பிரேக்கை முடித்துவிட்டு, சீற்றின் முன்பக்கம், பெற்றோல் தாங்கிக்குக் கிட்ட வந்து இருங்கள். உள்பக்கக் காலை முன்னுக்கு நீட்டி, வெளிப்பக்க முழங்கையை உயர்த்தி, வெளிப்பக்க ஃபுட்ரெஸ்டை அழுத்துங்கள், கண் முன்சில்லைப் பார்க்காமல் வளைவின் வெளிவாசலைப் பார்க்கட்டும். முதலில் இது எல்லாம் ஒன்றாக வராது, ஒரு நாளைக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். சூடான கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் காலை ஆறு மணிக்கே தொடங்கிவிட வேண்டும், ஒன்பதுக்குப் பிறகு ஓடினால் பழக்கத்தை விடக் களைப்புத்தான் மிஞ்சும்.

ரயர் காற்றையும் மண்ணுக்கு ஏற்ற மாதிரிப் பாருங்கள். மணலுக்கு 11, 12 பிஎஸ்ஐ, இறுகிய மண்ணுக்கு 13, 14 என்று தொடங்கி, ஓடிப் பார்த்துக் கூட்டிக் குறைக்கலாம். மணலுக்கென்று உயரமான, இடைவெளி கூடிய கட்டைகள் உள்ள ரயர் இறுகிய மண்ணில் வளைந்து கொடுத்து வழுக்கும், என் பைக்கில் இருந்தது அதுதான்.

பைக்கைக் கழுவும்போது எயார் ஃபில்டரைக் கழற்றாமல் விட்டுவிடாதீர்கள். நுரை ஃபில்டரைப் பெற்றோலில் அலசினால் ஒட்டியிருக்கிற பசை பழுதாகும். அதற்கென்று விற்கிற திரவத்தில், கிடைக்காவிட்டால் மண்ணெண்ணெயில் கழுவி, பிறகு சவர்க்காரத் தண்ணீரில் அலசி, நிழலில் நன்றாகக் காயவிட்டு, ஃபில்டர் ஒயிலைப் பிசைந்து போடுங்கள். ஸ்போக் கம்பிகளை ஒவ்வொன்றாக இறுக்கிப் பாருங்கள், செயினையும் பாருங்கள். இவ்வளவும் ஒரு பின்னேர வேலை.

அடுத்தது கை. நாலாவது சுற்றில் என் முன்கை கல்லுப் போல இறுகி, கிளச்சைப் பிடிக்க விரல் மடங்கவில்லை. பயத்தில் ஹாண்டிலை இறுக்கிப் பிடித்து, மூச்சையும் அடக்கி ஓடினால் எல்லாருக்கும் இது வரும். மருந்து முழங்காலில் இருக்கிறது: இரண்டு முழங்காலாலும் பைக்கை நெருக்கிப் பிடித்தால் கை தளரும். ஒவ்வொரு சுற்றிலும் நேரான ஓரிடத்தைத் தெரிவுசெய்து, அங்கே வந்ததும் வேண்டுமென்றே மூச்சை நீளமாக வெளியே விடுங்கள். ரேஸ் எத்தனை நிமிடம் ஓடியதோ அதைப் போல ஒன்றரை மடங்கு நேரம் நிற்காமல் ஓடிப் பழகுங்கள், வேகம் குறைந்தாலும் பரவாயில்லை.

ரேஸ் தொடக்கத்தை ஒரு நாளைக்கு இருபது தரம் பழகுங்கள். எந்த முறையில் தொடங்குவார்கள், முன்னால் உள்ள தடுப்பை (கேட்) விழுத்தியா, கொடி காட்டியா என்று முன்னமே கேட்டு வையுங்கள். சர்வதேச விதியில் 15 விநாடிப் பலகை, பிறகு 5 விநாடிப் பலகை, அதற்குப் பிறகு 5 முதல் 10 விநாடிக்குள் கேட் விழும். பெரும்பாலும் இரண்டாவது கியர், உடம்பு முன்னுக்கு, சில்லு நிலத்தைப் பிடித்தவுடன் இரண்டு காலும் மேலே ஃபுட்ரெஸ்டில். முதல் வளைவில் எல்லாரும் உள்பக்கத்துக்கு நெருங்குவார்கள். புதியவருக்கு வெளிப்பக்கம்தான் நல்லது, கொஞ்சம் தூரம் கூட, ஆனால் மேலே வந்து விழ ஆளில்லை.

கொடிகளை மனப்பாடம் செய்யுங்கள். மஞ்சள் ஆடினால் முன்னால் ஆபத்து: வேகத்தைக் குறைக்க வேண்டும், முந்தவும் கூடாது, மேட்டில் பாயவும் கூடாது. நீலம், உங்களை ஒரு சுற்று முந்தப் போகிறவர் பின்னால் நிற்கிறார், உங்கள் கோட்டிலேயே நேராகப் போங்கள். சிவப்பு, ரேஸ் நின்றுவிட்டது. உங்களோடு வருகிற சொந்தக்காரரையும் தடுப்புக்குப் பின்னால்தான் நிற்கச் சொல்லுங்கள். 2024 ஏப்ரலில் தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில்லில் பாதையை விட்டு விலகிய கார் பார்த்துக்கொண்டு நின்றவர்களுக்குள் புகுந்து 7 பேர் இறந்தார்கள், அதில் சின்னப் பிள்ளையும் இருந்தது.

அடுத்த ரேஸ் நாளில் நேரத்தோடு போய் முழுப் பாதையையும் நடந்து பாருங்கள். குனிந்து மண்ணைக் கையால் கிள்ளிப் பாருங்கள், எங்கே தண்ணீர் அடித்திருக்கிறார்கள், எங்கே காய்ந்திருக்கிறது என்று. இரண்டாவது கொகிள்ஸ் ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுபோங்கள். ஒரு லீட்டர் தண்ணீரில் ஒரு பக்கெற் ஜீவனி (உப்பும் சீனியும் சேர்ந்த தூள்) கரைத்து, தாகம் எடுக்க முதலே கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். சோற்றை ரேஸுக்கு இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு முன் முடித்துவிட வேண்டும்.

ஓட்டம் அனுராதபுரப் பக்கம் என்றால் திரும்புகிற நேரத்தையும் இப்போதே யோசியுங்கள். ஹொரவப்பொத்தானை வீதியில் இருட்டிய பிறகு யானை நிற்கும். ரேஸ் ஓடின களைப்போடு அந்த வழியை இரவில் ஓட்டாமல், பரிசளிப்பு முடிகிறதோ இல்லையோ, நாலு மணிக்குள் பைக்கை ஏற்றிக் கட்டிவிடுங்கள்.