நடுவர் விசாரணையை நீதிமன்றமாக்கிவிடும் தவறுகள்

நீதிமன்றத்துக்கு வெளியே தகராறுகளைத் தீர்க்கும் நடுவர்களாகப் புதிதாகப் பொறுப்பேற்றவர்கள், விசாரணை எப்படி நடக்கும் என்று வகுத்து எழுதும் முதல் நடைமுறை ஆணைகளைப் படிக்கும்போது, தொடக்கக் காலத்தில் நான் செய்த பிழைகளையே அவற்றில் மறுபடியும் காண்கிறேன். காலக்கெடுவைத் தவறவிடுவது, தரப்பினருடன் உள்ள தொடர்பை மறைப்பது போன்றவை எல்லோரும் அறிந்தவை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

பழைய ஆணையை நகலெடுப்பது

நான் விசாரித்த ஒரு தகராறில் கேள்வி ஒன்றுதான்: வந்துசேர்ந்த இரும்புத் தகடுகள் ஒப்பந்தத்தில் சொன்ன தடிமனில் இருந்தனவா? அளவுகருவியுடன் ஒரு வல்லுநர் கிடங்கில் அரை நாள் செலவிட்டிருந்தால் விடை கிடைத்திருக்கும். நானோ வேறொரு பெரிய வழக்குக்காக எழுதிய ஆணையில் பெயர்களை மட்டும் மாற்றிக் கையொப்பமிட்டேன். அதில் ஆவணக் கோரிக்கைக்கும், ஆட்சேபத்துக்கும், மறுமொழிக்கும் தனித்தனிக் கட்டங்கள் இருந்தன. இடம் கொடுத்தது நான் என்பதால், அவற்றை நிரப்பிய வழக்கறிஞர்களைக் குறை சொல்ல முடியாது. பதினான்காம் மாதத்தில் தகடுகளை அளக்கச் சென்றபோது துரு ஏறியிருந்தது; அளவே புதிய தகராறாகிவிட்டது. இன்றும் அதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

நடைமுறை விதிகள் பெருகுவது இப்படித்தான்: ஏதோ ஒரு வழக்கில் எழுந்த சிக்கலுக்காக ஒரு பத்தி சேர்க்கப்படுகிறது, சிக்கல் தீர்ந்த பிறகும் பத்தி தங்கிவிடுகிறது. தரப்பினர் உடன்பாடு காணாதபோது நடைமுறையைத் தாமே வகுக்கும் உரிமையை நாடுகள் தம் நடுவர் சட்டங்களுக்கு முன்மாதிரியாகக் கொள்ள 1985இல் ஐ.நா. வகுத்த மாதிரிச் சட்டத்தின் 19ஆம் பிரிவு நடுவர்களுக்கு அளித்திருக்க, நாம் அதைப் பயன்படுத்தாமல் நீதிமன்றப் பழக்கத்தையே நாடுகிறோம். பன்னாட்டு வழக்கறிஞர் சங்கத்தின் சான்று விதிகளைக்கூட, வழக்குக்குத் தேவையா என்று பாராமல் முழுவதுமாகச் சேர்த்துவிடுகிறார்கள். இந்தப் போக்குக்கு மாற்றாகவே 2018இல், விசாரணையை நடுவரே முன்னின்று நடத்தி ஆவணக் கோரிக்கைகளைக் குறைக்கச் சொல்லும் பிராக் விதிகள் வந்தன.

இப்போது முதல் கூட்டத்திலேயே, எந்தச் சான்று கிடைத்தால் தகராறு தீரும் என்று இரு தரப்பையும் கேட்டுவிட்டுத்தான் ஆணை எழுதுகிறேன்.

கேட்டபோதெல்லாம் வாய்தா கொடுப்பது

வாதத்தை முன்வைக்க ஒரு தரப்புக்கு இயலாமல் போயிருந்தால் தீர்ப்பை நிறைவேற்ற மறுக்கலாம் என்று வெளிநாட்டு நடுவர் தீர்ப்புகளை நிறைவேற்றுவது பற்றிய 1958ஆம் ஆண்டின் நியூயார்க் ஒப்பந்தம் சொல்வதால் புதியவர்கள் அஞ்சுகிறார்கள். ஆனால் 1976ஆம் ஆண்டின் ஐ.நா. நடுவர் விதிகளில் இருந்த ‘முழு வாய்ப்பு’ என்ற சொல், 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தில் ‘நியாயமான வாய்ப்பு’ என மாறியதைக் கவனியுங்கள்; கேட்ட ஒவ்வொரு வாய்தாவையும் கொடுக்க வேண்டியதில்லை.

விரைவு விதிகளை மட்டும் நம்புவது

விசாரணையைக் குறுகிய காலத்தில் முடிக்க வகுத்த விரைவு விதிகள் இருந்தாலும், மூன்று சுற்று மனுக்களை நீங்களே அனுமதித்தால் அந்த விதிகள் உதவாது.

எல்லாச் சாட்சிகளையும் அழைப்பது

எவரும் மறுக்காத செய்திக்குக் குறுக்கு விசாரணை வேண்டாம்.