மொரீசியசில் கொள்ளைக்கப்பல்களை முற்றுகையிட்ட முறை

பிரெஞ்சு அரசின் அனுமதிப் பத்திரத்தோடு வணிகக் கப்பல்களைச் சூறையாடியவர்களுக்கு அன்று பிரெஞ்சு வசமிருந்த மொரீசியசின் போர்ட் லூயி துறைமுகமே புகலிடமாக இருந்தது. 1800இல் வங்கக் கடலில் ஆங்கிலேயரின் 'கென்ட்' கப்பலைப் பிடித்த சுர்கூப் அவர்களுள் ஒருவர். அத்துறைமுகத்தை அடைக்க விரும்புபவர் முதலில் தேட வேண்டியது பீரங்கியை அல்ல, குடிநீரை. சென்னையிலிருந்தோ பம்பாயிலிருந்தோ வந்து நெடுநாள் காவல் நிற்க இயலாது என்பதால்தான், மொரீசியசுக்குக் கிழக்கே ஏறத்தாழ 560 கி.மீ. தொலைவிலுள்ள ரோட்ரிக்ஸ் தீவை ஆங்கிலேயர் 1809இல் கைப்பற்றினர்.

அடுத்து காற்றைக் கணக்கிடுங்கள். தென்கிழக்குக் காற்று ரோட்ரிக்சிலிருந்து வரும் கப்பலை எளிதாகக் கொண்டுசேர்க்கும். திரும்பும் வழியில் அதே காற்றை எதிர்த்து வளைந்து வளைந்து செல்ல நேரும் என்பதால், தண்ணீர் தீருமுன்பே கப்பல்களை முறைவைத்து அனுப்ப வேண்டும்.

பவளப்பாறைகளுக்குள் நுழையுமுன் ஆழம் பார்ப்பது கட்டாயம்: ஈயக்குண்டின் அடிக்குழியில் கொழுப்பை அப்பி இறக்கினால், ஒட்டிவரும் மணலோ பவளத்துகளோ அடித்தரையின் தன்மையைக் காட்டும். ஆகஸ்ட் 1810இல் மொரீசியசின் தென்கிழக்கிலுள்ள கிராண்ட் போர்ட்டில் வழி தெரியாமல் விரைந்த ஆங்கிலேயப் போர்க்கப்பல்களான 'சிரியஸ்', 'மஜீசியன்' இரண்டும் தரைதட்டி, சொந்த மாலுமிகளாலேயே எரிக்கப்பட்டன. எதிரியின் குண்டுகளைவிட அவசரமே அங்கு பெருங்கேடு செய்தது என்பது என் உறுதியான கருத்து.

புயல் பருவத்துக்குமுன் தரைப்படையையும் இறக்கிவிடுங்கள். சென்னைப் படைகளும் சேர்ந்து நவம்பர் இறுதியில் வடகரையில் இறங்கியதால், 1810 டிசம்பர் 3 அன்று தீவு சரணடைந்தது.