பெற்றோரின் மருத்துவச் செலவுக்கு வரிக்கழிவு: எங்கே தவறுகிறோம்?

ஆஸ்பத்திரி பில்களைக் கத்தையாகச் சேர்த்து வைப்பவர்கள்கூட வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது ஏமாந்து போகிறார்கள். முதல் கோணல் வரி முறையில்தான். மருத்துவச் செலவுக்குக் கழிவு தரும் வருமான வரிச் சட்டப் பிரிவுகளான 80டி, 80டிடி, 80டிடிபி எதற்கும் புதிய வரி முறையில் இடமில்லை. நீங்களாகப் பழைய முறையைத் தேர்ந்தெடுக்காவிட்டால், 2023–24 நிதியாண்டு முதல் உங்கள் கணக்கு புதிய முறையில்தான் போடப்படும். கெடு தேதி தாண்டிவிட்டால் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பும் போய்விடும். அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு பழைய முறைக்குத் தாவவும் வேண்டாம்; இரண்டு முறையிலும் வரியைக் கணக்கிட்டுப் பாருங்கள்.

அடுத்தது, பில் இருந்தால் போதும் என்ற நினைப்பு. 80டி பிரிவு அடிப்படையில் காப்பீட்டு பிரீமியத்துக்கானது. சிகிச்சை, மருந்துச் செலவை நேரடியாகக் காட்ட வேண்டுமென்றால், நோயாளிக்கு 60 வயது நிறைந்திருக்க வேண்டும். அவருக்கு மருத்துவக் காப்பீடும் இருக்கக் கூடாது. 55 வயது அப்பாவின் ஆபரேஷனுக்கு எத்தனை லட்சம் செலவானாலும் இதில் வராது. அப்பா, அம்மா இருவரும் 60 தாண்டியவர்கள், அப்பாவுக்கு மட்டும் பாலிசி இருக்கிறது என்றால், அவருடைய பிரீமியத்தையும் அம்மாவின் மருந்துச் செலவையும் சேர்த்துக் காட்டலாம். இது பலருக்குத் தெரிவதில்லை. இரண்டுக்கும் சேர்த்து உச்சவரம்பு 50,000 ரூபாய்.

என்னைக் கேட்டால், கைக்கு வர வேண்டிய கழிவைக் கெடுப்பதில் ரொக்கத்துக்குத்தான் முதலிடம். அம்மாவின் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளுக்கு மாதம் 3,000 ரூபாய் ஆகிறது என்று வையுங்கள். மருந்துக்கடையில் நோட்டாக எண்ணிக் கொடுத்தால், ஆண்டுக்கு 36,000 ரூபாய்க்கும் பில் இருந்தும் பயனில்லை. அதையே கார்டிலோ யுபிஐயிலோ கட்டியிருந்தால் முழுத் தொகையும் செல்லும். முன்தடுப்பு உடல் பரிசோதனைக்கு மட்டும் ரொக்கம் செல்லும். அதுவும் 5,000 ரூபாய் வரைதான், அதே உச்சவரம்புக்குள்.

பணம் உங்களுடையதாக இருக்க வேண்டும். அப்பா தன் பென்ஷனில் கட்டிய பிரீமியத்தை மகன் காட்ட முடியாது. 80டியில் பெற்றோர் உங்களைச் சார்ந்திருக்க வேண்டும் என்பதில்லை. மாமனார், மாமியார் இதில் சேர மாட்டார்கள். மனைவிக்கு வருமானம் இருந்தால், அவர் தன் பெற்றோருக்குக் கட்டித் தன் கணக்கில் காட்டிக்கொள்ளலாம்.

80டிடிபி பெரிய நோய்களுக்கானது என்று பொதுவாகச் சொல்வார்கள். உண்மையில் பட்டியலில் உள்ள நோய்களுக்கு மட்டும்தான்: புற்றுநோய், நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு, தலசீமியா போன்றவை. இதய பைபாஸ் அதில் இல்லை. சிறப்பு மருத்துவரின் மருந்துச்சீட்டு அவசியம். வரம்பு 40,000 ரூபாய், நோயாளி மூத்த குடிமகன் என்றால் 1 லட்சம். காப்பீட்டில் வந்த தொகையைக் கழித்துவிட வேண்டும்.

மாற்றுத்திறனாளியைப் பராமரிப்பவர்களுக்கான 80டிடியில் பில்களைக் கூட்டிக்கொண்டிருப்பது வீண் வேலை. செலவு எவ்வளவு ஆனாலும் கழிவு 75,000 ரூபாய்; கடும் குறைபாடு என்றால் 1,25,000. அங்கே கேட்கப்படுவது மருத்துவச் சான்றிதழ்.

இந்த எண்களெல்லாம் 1961 சட்டத்தின்படி. 2026 ஏப்ரல் 1 முதல் ஈட்டும் வருமானத்துக்குப் புதிய வருமான வரிச் சட்டம் பொருந்தும் என்பதால், அந்தக் கணக்கில் இதே பிரிவு எண்களைத் தேடாதீர்கள்.