இளங்கலை மாணவர்களுக்குப் போஸ்டர் அமர்வு: முதல்முறை நடத்துபவர்களுக்கு

கருத்தரங்கில் மாணவர்கள் தங்கள் ஆய்வைப் போஸ்டராக ஒட்டி, பக்கத்தில் நின்று வருபவர்களுக்கு விளக்குவதுதான் போஸ்டர் அமர்வு. நான் முதன்முதலில் பொறுப்பேற்ற அமர்வை இரண்டாவது மாடி வராந்தாவில், மதியச் சாப்பாட்டு நேரத்தில் வைத்துவிட்டேன். ஊர்க் குளத்துப் பாசிகளைப் பற்றி ஆறு மாதம் வேலை செய்திருந்த மூன்றாமாண்டு தாவரவியல் மாணவி ஒருத்தி, இரண்டு மணி நேரம் தன் போஸ்டர் பக்கத்திலேயே நின்றாள். வந்து கேட்டவர்கள் மூன்றே பேர். அன்றிலிருந்து என் திட்டமெல்லாம் ஒன்றைச் சுற்றித்தான்: எந்த மாணவரும் தனியாக நிற்கக் கூடாது.

1. இடமும் நேரமும்

நிகழ்ச்சி நிரல் அச்சாகும் முன்பே இதைப் பேசி முடியுங்கள். வேறு அரங்குகளில் எதுவும் நடக்காத 90 நிமிடம் வேண்டும். காலைத் தேநீரை போஸ்டர் அரங்குக்குள்ளேயே, வாசலுக்கு எதிர்க்கோடியில் வையுங்கள். டீ குடிக்கப் போகிறவர்கள் எல்லா வரிசையையும் கடந்துதான் போக வேண்டியிருக்கும்.

2. அழைப்பு

எட்டு வாரம் முன்னால் அனுப்புங்கள். 250 சொல்லில் ஆய்வுச் சுருக்கம், கைடின் ஒப்புதல், மாணவர் தாமே செய்தது எது என்று இரண்டு வரி போதும். முடிவுகள் முழுமையாக வராத ஆய்வையும் ஏற்றுக்கொள்ளுங்கள். இளங்கலையில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். நல்ல சுருக்கம் ஒன்றை மாதிரிக்கு இணைத்துவிட்டால் பாதிக் கேள்விகள் வராது.

3. அளவு

இங்கேதான் அதிகம் சொதப்பும். ஏ1, நெடுவாக்கில், 59.4 × 84.1 செ.மீ. என்று எழுதுங்கள். பிளெக்ஸ் கடையில் அடிக்கணக்குதான் பேசுவார்கள் என்பதால், 2 × 3 அடிக்கு மேல் போகக் கூடாது என்றும் சேர்த்துவிடுங்கள். பவர்பாயிண்டில் வேலையைத் தொடங்கும்போதே பக்க அளவை மாற்றச் சொல்லுங்கள். கடைசியில் மாற்றினால் படங்கள் இழுபட்டுப்போகும்.

கடைக்குப் பிடிஎஃப் மட்டுமே போக வேண்டும். பவர்பாயிண்ட் கோப்பாகவே கொடுத்து, அந்தக் கணினியில் நம் எழுத்துரு இல்லையென்றால், கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாக எழுத்துகள் சிதறி நிற்கும். பளபளப்புத் தாளும் வேண்டாம், டியூப்லைட் வெளிச்சம் பட்டு எழுத்தே தெரியாது.

4. பலகைகள்

நாற்பது போஸ்டர் என்றால், இரு பக்கமும் ஒட்டக்கூடிய இருபது பலகை. முந்தின நாளே ஒரு குண்டூசியைக் குத்திப் பாருங்கள். பிளைவுட்டாக இருந்தால் இறங்காது, இருபக்க டேப் வாங்க வேண்டும். மேலே மின்விசிறி ஓடும் ஹால் என்றால் கீழ் மூலைகளையும் மறக்காமல் ஒட்டுங்கள். வரிசைகளுக்கு நடுவே இரண்டு மீட்டராவது விடுங்கள். ஒவ்வொரு பலகையிலும் பெரிதாக எண்.

5. ஒற்றைப்படை, இரட்டைப்படை

முதல் 45 நிமிடம் ஒற்றைப்படை எண்காரர்கள் நிற்கட்டும், அடுத்த 45 நிமிடம் இரட்டைப்படை. இல்லாவிட்டால் பக்கத்துப் போஸ்டரைக்கூடப் பார்க்காமல் பிள்ளைகள் வீட்டுக்குப் போவார்கள்.

6. நடுவர்கள்

ஒரு போஸ்டரை இருவர் பார்க்க வேண்டும். நாற்பதுக்கு எண்பது சந்திப்பு. எட்டு நடுவர் இருந்தால் ஆளுக்குப் பத்து, அதாவது ஒவ்வொரு பாதியிலும் ஐந்து. ஒரு மாணவருக்கு ஒன்பது நிமிடம் கிடைக்கும். தம் மாணவரின் போஸ்டரை எந்தக் கைடுக்கும் ஒதுக்காதீர்கள். மதிப்பெண் தாளின் அடியில் "மாணவருக்கு ஒரு வார்த்தை" என்று கிழித்துக் கொடுக்கும்படி ஓர் இடம் விடுங்கள். பரிசு மூன்று பேருக்குத்தான் கிடைக்கும், இந்தத் துண்டுச் சீட்டு நாற்பது பேருக்கும் கிடைக்கும்.

7. பேச்சு ஒத்திகை

ஒரு வாரம் முன்பு, வேறு துறை ஆசிரியர் ஒருவரிடம் இரண்டு நிமிடம் சொல்லிப் பார்க்கட்டும். தமிழில் விளக்கலாம் என்பதை அழைப்பிலேயே எழுதுங்கள், நடுவர்களிடமும் சொல்லிவிடுங்கள். ஆங்கிலத்தில் மனப்பாடமாக நான்கு வரி சொல்லிவிட்டுத் திணறும் பிள்ளையிடம், "சரிம்மா, இந்த மாதிரியை எங்கே எடுத்தீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். எந்தக் குளம், எந்தப் படித்துறை, மழைக்கு முன்னாலா பின்னாலா என்று தானாக வரும்.

8. அன்றைய தினம்

இரண்டு தன்னார்வலர்களுக்கு வேறு எந்த வேலையும் கொடுக்காதீர்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வரிசைகளைச் சுற்றி வர வேண்டும். யாராவது தனியாக நின்றால், டீ கோப்பையோடு நிற்கும் பேராசிரியர் ஒருவரிடம் போய், "ஐயா, பதினேழாம் எண்ணைப் பார்த்துட்டீங்களா?" என்று கேட்டுக் கையோடு அழைத்து வர வேண்டும்.