கோத்தகிரி ஜீப்பை விற்கும் முன்

எங்கள் மஹிந்திரா எம்எம் 540 இருபது வருடம் கோத்தகிரி மேட்டில் பசுந்தேயிலை சுமந்த வண்டி. உங்களிடமும் அப்படியொன்று இருந்தால் முதலில் ஆர்சியைப் பாருங்கள். 15 வருடம் தாண்டியதா? பதிவைப் புதுப்பித்துவிட்டே விலை பேசுங்கள்.

பெயின்ட் அடித்துத் துருவை மறைக்க வேண்டாம். நம் மலை ஈரம் தரைத்தகட்டை அரிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். நான் மிதியடியைத் தூக்கி, கிளட்ச் அடியில் ஒரு ரூபாய் அளவு ஓட்டையைக் காட்டினேன். அதன்பிறகுதான் வாங்க வந்தவர் நம்பிப் பேசினார்.

அப்புறம், ஓட்டிப் பார்க்கத் தார் ரோடு போதாது. ஈரமண் ஏற்றத்தில் நிறுத்தி, குட்டை லிவரை ஃபோர்-லோவில் (நாலு சக்கரமும் மெதுவாக, பலமாக இழுக்கும் கியர்) போட்டு, வாங்குபவரையே வண்டியை மேலே ஏற்றச் சொல்லுங்கள்.

பணம் வந்ததும் வண்டியின் உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30இல் கையெழுத்து. ஆர்சியில் பெயர் மாறும்வரை விடாமல் கேளுங்கள். பழைய ஜாக்கியையும் கொடுத்தனுப்பினேன்; அது அந்த வண்டியோடு வந்தது.