தமிழ் விக்கிப்பீடியாவில் புதியவரை வரவேற்பது எப்படி?

தமிழ் விக்கிப்பீடியாவில் கணக்குத் தொடங்கியவரின் பேச்சுப் பக்கத்தில் (மற்றவர்கள் அவருக்குச் செய்தி எழுதும் இடம்) ஒரு வரவேற்புச் செய்தி தானாகவே வந்து உட்கார்ந்துவிடும். கல்யாண மண்டப வாசலில் பன்னீர் தெளிக்கும் பொம்மை மாதிரிதான் அது. உள்ளே வந்தவரை "வாங்க, சாப்பிட்டீங்களா?" என்று கேட்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளாக நீங்கள் இருக்க விரும்பினால், இப்படித் தொடங்குங்கள்.

படி 1: ஆளைக் கண்டுபிடியுங்கள்
'அண்மைய மாற்றங்கள்' பக்கத்தைத் திறந்து, வடிகட்டியில் புதியவர்களைத் தேர்ந்தெடுங்கள். 10 திருத்தங்கள்கூடச் செய்யாதவர்கள் அதில் தெரிவார்கள்.

படி 2: அழிக்க அவசரப்படாதீர்கள்
நிறையப் பேரை நாம் இழப்பது இங்கேதான். ஒருவர் 'ரொறன்ரோ' என்றிருப்பதை 'டொராண்டோ' என்று மாற்றுகிறார் என்று வையுங்கள். விஷமம் போலத் தோன்றும். ஆனால் அவர் தமிழ்நாட்டுக்காரர். ஈழத்தமிழர் 'ரொறன்ரோ' என்றுதான் எழுதுவார்கள் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. பிழை திருத்திய நிறைவோடு போனவர், மறுநாள் தன் திருத்தம் காணாமல் போனதைப் பார்த்தால் திரும்பி வருவாரா? ஆங்கில விக்கிப்பீடியாவில் தொடர்ந்து எழுதுவோர் எண்ணிக்கை 2007இல் உச்சம் தொட்டுப் பிறகு சரிந்தது. புதியவர் எழுதியதைச் சட்டென்று நீக்கியதும் அதற்கு ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் சொன்னார்கள்.

நாளிதழிலிருந்து அப்படியே நகலெடுத்துப் போட்டிருந்தால் மட்டும் தயங்க வேண்டாம். பதிப்புரிமைச் சிக்கல், நீக்கித்தான் ஆகவேண்டும். நீக்கிய கையோடு காரணத்தை எழுதிவிடுங்கள்.

படி 3: நாலு வரி எழுதுங்கள்
அவருடைய பேச்சுப் பக்கத்தில், அவர் செய்த வேலையைக் குறிப்பிட்டு எழுதுங்கள்:

"வணக்கம். உங்கள் ஊர் ஏரியைப் பற்றிச் சேர்த்திருந்த பத்தியைப் படித்தேன், நல்ல தகவல். ஒரு சான்று இருந்தால் போதும்; செய்தித்தாள் இணைப்புகூடச் சரிதான். சேர்க்கத் தெரியாவிட்டால் இங்கேயே கேளுங்கள், செய்து காட்டுகிறேன்."

கடைசியில் நான்கு அலைக்குறி (~~~~) போட்டால் உங்கள் பெயரும் நேரமும் தானாக வரும். விதிமுறைப் பக்கங்களுக்குப் பத்து இணைப்பு கொடுக்காதீர்கள். யாரும் படிப்பதில்லை, நானும் படித்ததில்லை.

படி 4: அடுத்த வேலையைக் கையில் கொடுங்கள்
சின்ன வேலையாக இருக்கட்டும். ஊர்ப் பேருந்து நிலையத்தைப் படமெடுத்து, விக்கிப்பீடியாவுக்கான படங்களைச் சேர்த்துவைக்கும் பொதுவகத்தில் ஏற்றச் சொல்லலாம். எழுதிப் பழக மணல்தொட்டி இருக்கிறது, சந்தேகம் கேட்க ஒத்தாசைப் பக்கம் இருக்கிறது. எல்லோரும் கூடி விவாதிக்கும் ஆலமரத்தடிப் பக்கத்துக்கு மட்டும் முதல் வாரமே அனுப்பிவிடாதீர்கள். கிரந்த எழுத்துச் சண்டை நடக்கும் நாளாக இருந்தால் ஆள் மிரண்டுவிடுவார்.

படி 5: ஒரு வாரம் கழித்து எட்டிப் பாருங்கள்
ஏதாவது எழுதியிருந்தால் பக்க வரலாற்றில் 'நன்றி'யை அழுத்துங்கள். எழுதவில்லையென்றால் ஒரே ஒரு முறை விசாரியுங்கள், அதற்குமேல் நச்சரிக்க வேண்டாம்.

இன்னொன்று: கணக்குத் தொடங்கும்போது மின்னஞ்சல் கட்டாயமில்லை என்பதால் பலர் அதை விட்டுவிடுகிறார்கள். கடவுச்சொல் மறந்தால் மீட்க வழியில்லை. கோபித்துக்கொண்டு போனார் என்று நாம் நினைப்பவர், உள்ளே நுழைய முடியாமல் வாசலில் நிற்கலாம். ஆகவே முதல் செய்தியிலேயே, 'விருப்பத்தேர்வுகள்' பக்கத்தில் மின்னஞ்சலைச் சேர்க்கச் சொல்லிவிடுங்கள்.